பயறுக்கு வட்டம் போடுவது எப்படி?

ஜொகூர் ஆராய்ச்சி மாணவர்களுக்கு ஒரு நடைமுறைக் கையேடு

ஒரு பயறுச் செடியின் மைட்டோகாண்ட்ரியா மரபணுத்தொகுதியை முழுக்க வாசித்து, பிற செடிகளோடு ஒப்பிட்டு, வண்ண வட்டமாக வரைந்துவிட வேண்டும் என்ற ஆசை எல்லோருக்கும் வருவதில்லை. வருகிறவர்களுக்கும் அது தானாக வருவதில்லை. உபகாரச் சம்பளம் முடிய ஆறு மாதம் இருக்கையில், மேற்பார்வையாளர் கதவோரம் நின்று "பேப்பர் என்னாச்சு?" என்று கேட்கும்போது வருகிறது. அப்படி வரப்பெற்றவர்களுக்கே இந்தக் கையேடு. உங்கள் ஆய்வுக்கூடம் ஸ்கூடாயில் இருந்தாலும் பாரிட் ராஜாவில் இருந்தாலும் படிகள் ஒன்றே.

வழிதவறி உள்ளே வந்தவர்களுக்காக ஒரு சின்ன விளக்கம். செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கு உட்கருவைச் சாராத சொந்த டிஎன்ஏ உண்டு. பெரும்பாலான செடிகளில் அது தாய்வழியாக மட்டுமே இறங்கும். மகரந்தம் தந்த தகப்பனுக்கு அதில் பங்கில்லை. மனிதனின் மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏவை 1981இல் கேம்பிரிட்ஜில் முழுதாக வாசித்தார்கள்: 16,569 எழுத்து, 37 மரபணு, சிக்கனமான குடித்தனம். பாசிப்பயறினுடையதை 2011இல் வாசித்தபோது 401,262 எழுத்து இருந்தது. மனிதனைவிட 24 மடங்கு நீளம். மரபணுக்களோ இரண்டு மடங்குகூட இல்லை. மிச்ச இடத்தில் என்னதான் இருக்கிறது என்று கேட்கிறீர்களா? அதைத் தெரிந்துகொள்ளாமலே பத்துப் படிகளையும் முடித்துவிடலாம். பலர் முடித்திருக்கிறார்கள்.

தேவையானவை

ஒரு செடி. உயிரோடு இருந்தால் நல்லது.

திரவ நைட்ரஜன். பக்கத்துத் துறையில் கடன் வாங்கலாம்; திருப்பித் தர முடியாத கடன் இது ஒன்றுதான்.

பீட்டா மெர்காப்டோஎத்தனால், ஒரு சிறு புட்டி. நீங்கள் அதைத் திறந்தது மாடி முழுவதற்கும் தெரியவரும்.

நினைவகம் பெரிதாக உள்ள ஒரு கணினி. உங்கள் மடிக்கணினி முதல் இரவே விசிறி சுழல அழுதுவிடும்.

மானியம்.

கேள்வி ஒன்று (இருந்தால்).

படி 1: செடியைத் தேர்ந்தெடுங்கள்

ஜொகூரில் அவரைக் குடும்பத்துக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் உங்களுக்கு உதவாது.

பாசிப்பயறு: ஜொகூர் பாருவில் ஜாலான் உங்கு புவான் மளிகைக் கடையில் பொட்டலமாகவே கிடைக்கும். துரதிருஷ்டவசமாக, மேலே சொன்னபடி, அமெரிக்கர்கள் 2011இலேயே முடித்துவிட்டார்கள்.

புங்கை: மலாய்க்காரர்கள் மெம்பாரி என்று சொல்லும் இது கடலோரத்து மரம். நம் ஊர்ப் புங்கை நிழலின் நினைவோடு நீங்கள் இலை பறிக்கப் போகலாம். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் உயிரி எரிபொருள் ஆசையில் 2012இலேயே பறித்துவிட்டார்கள்: 425,718 எழுத்து.

கெம்பாஸ்: ஜொகூர் பாருவில் இந்தப் பெயரில் ஒரு வட்டாரமே இருக்கிறது. இவ்வளவு பெரிய மரமும் அவரைக்குச் சொந்தம் என்பது பலருக்குத் தெரியாது. சிக்கல், இலை ஐம்பது மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சிங்கப்பூர் தாவரவியல் பூங்காவின் இ. ஜே. எச். கார்னர் 1930களின் பிற்பகுதியில் இதற்கு ஒரு வழி கண்டார். தேங்காய் பறிக்கப் பழக்கிய பெரோக் குரங்குகளை வைத்துக்கொண்டு, உச்சிக் கிளைகளை உடைத்துப் போடச் செய்தார். ஜொகூரின் சதுப்புக் காடுகளில் விரிவாகத் தாவரம் சேகரித்தவர் அவர். உங்கள் மானியத்தில் குரங்குக்கான சம்பளத் தலைப்பு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பெத்தாய்: ஆய்வுப் பொருளை மதியச் சோற்றோடு தின்று தீர்த்துவிடும் அபாயம் உண்டு.

ஆகவே இந்தக் கையேடு பரிந்துரைப்பது மூக்குனா பிராக்டியேட்டா. செம்பனைத் தோட்டத்தில் மறுநடவு நடந்த இடத்தில் தரை தெரியாமல் போர்த்திக் கிடக்கும் மூன்று கூறு இலைக்கொடி அதுதான். களையை அமுக்கும், மண் அரிப்பைத் தடுக்கும், வேர் முடிச்சில் நைட்ரஜனைச் சேர்க்கும். புவேராரியா, கலோபோகோனியம், சென்ட்ரோசீமா என்று பால்மரக் காலத்திலிருந்து வந்த பழைய மூடுபயிர்கள் பலவற்றின் இடத்தை இது பிடித்துக்கொண்டது. இந்தியாவின் வடகிழக்கில் காட்டுக் கொடியாகக் கிடந்து, கேரளத்து ரப்பர் தோட்டங்களுக்கு வந்து, அங்கிருந்து 1991இல் கோல்டன் ஹோப் நிறுவனத்தின் வழியாக மலேசியாவுக்குக் கப்பலேறியது. நம் சமவெளியில் இது கொழுகொழுவென்று வளரும், ஆனால் காய்த்து விதை கட்டுவது அபூர்வம். அதனால் விதை இன்னமும் இந்தியாவிலிருந்து மூட்டையில் வருகிறது. அல்லது இருக்கிற கொடியையே வெட்டிப் பதியம் போடுகிறார்கள். இந்த விவரத்தை மனத்தில் போட்டு வையுங்கள்.

இப்போது என்சிபிஐ தரவுத்தளத்தில் தேடுங்கள். யாராவது முந்திக்கொண்டிருந்தால் மனம் தளர வேண்டாம். செடியின் பெயரை மட்டும் மாற்றுங்கள். கட்டுரையின் மற்ற பத்திகள் எந்தச் செடிக்கும் பொருந்தும்படிதான் எழுதப்பட்டிருக்கும்.

படி 2: அனுமதி வாங்குங்கள்

செடி வேலியோரம் கிடக்கிறது, யார் கேட்பார்கள் என்று நினைக்காதீர்கள். உயிரியல் வளங்களை அணுகுவதற்கும் பலனைப் பகிர்வதற்கும் மலேசியாவில் 2017இல் இயற்றிய சட்டம், எண் 795, 2020 டிசம்பர் 18 முதல் நடைமுறையில் இருக்கிறது. லாபத்துக்காகவா, ஆராய்ச்சிக்காகவா என்று அது பிரித்துக் கேட்கும். "லாபமா? என் உதவித்தொகையைப் பார்த்தீர்களா?" என்று படிவத்தில் எழுதக் கூடாது, அதற்கான கட்டத்தை மட்டும் நிரப்புங்கள்.

அரசாங்கத்தின் அனுமதி வந்தபின் தோட்டத்தின் அனுமதி. மேலாளர் கையெழுத்துப் போட்டாலும் இடத்தைக் காட்டப்போகிறவர் மண்டோர். அவரிடம் உரையாடல் பெரும்பாலும் இப்படிப் போகும்:

"அண்ணே, கொஞ்சம் எலை பறிச்சுக்கிறேன்."

"இதையா? மாடே தின்னாதே தம்பி."

"திங்கிறதுக்கு இல்லண்ணே. இதோட தாய்வழி என்னன்னு டிஎன்ஏல பாக்கப் போறோம்."

"அதுக்கு எலை எதுக்கு? வெதை மூட்டையில ஊர் பேரு போட்டிருக்குமே. நான் பிளாக் பிளாக்கா நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

இந்த உரையாடலைக் கட்டுரையில் சேர்ப்பது வழக்கமில்லை. நோட்டைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் படிவரை அது பயன்படாது.

படி 3: இலை பறியுங்கள்

காலையில், பசியாறுவதற்கு முன், இளந்தளிராகப் பறிக்க வேண்டும். முற்றிய இலையில் டிஎன்ஏவைவிடப் பிசினும் துவர்ப்பும் அதிகம். பறித்ததும் சிலிக்கா ஜெல்லில் போடுங்கள். வடகிழக்குப் பருவமழை மாதங்களில் போனால் சிலிக்கா ஜெல் நீங்கள் தோட்டத்து வாசலைத் தாண்டுமுன்பே நிறம் மாறிவிடும்.

பழைய பள்ளியினர் வேறொரு வழி சொல்வார்கள். விதையை வாங்கி, அதன் கடினமான தோலை நகவெட்டியால் நறுக்கி, ஊறவைத்து, இருட்டில் முளைக்கவிடுவது. வெளிச்சம் படாத முளையில் பசுங்கணிகம் தலையெடுக்காது. மைட்டோகாண்ட்ரியாவைத் தனியே பிரிப்பது சுலபம். இது நல்ல வழி. ஆகவே இப்போது யாரும் செய்வதில்லை. மொத்த இலையையும் அரைத்து, வருகிற டிஎன்ஏ எல்லாவற்றையும் வாசித்து, நமக்கு வேண்டிய சில விழுக்காட்டைக் கணினியில் வடிகட்டுவதே நாகரிகம்.

ஒரு கிளையை அழுத்தி உலர்த்தி, எண் போட்டு, தாவர மாதிரிக்கூடத்தில் ஒப்படையுங்கள். கெப்போங்கில் வனவியல் ஆராய்ச்சி நிலையத்தின் மாதிரிக்கூடம் இருக்கிறது. நாளைக்கு யாராவது "நீங்கள் வாசித்தது மூக்குனாதானா?" என்று கேட்டால் காட்டுவதற்கு உங்களிடம் இருக்கப்போகும் சாட்சி அந்த ஒரு கிளை மட்டும். இதைத் தவிர்த்தால் அரை நாள் மிச்சம்.

படி 4: டிஎன்ஏவைப் பிரியுங்கள்

டாயில் தம்பதியர் 1987இல் எழுதிய சிடேப் முறைதான் இன்றும் உலகமெங்கும் கைகொடுக்கிறது. இலையைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து இடித்து, சிடேப் கரைசலில் வேகவைத்து, குளோரோஃபார்மில் குலுக்கி, ஆல்கஹாலில் திரட்ட வேண்டும். வெள்ளை நூலாக வந்தால் நீங்கள் வேறு செடியைப் பறித்திருக்கிறீர்கள். மூக்குனாவில் பாலிஃபீனால் மிகுதி. மாடு தொடாததற்குக் காரணமும் அதுவே. உங்களுக்குக் கிடைப்பது பழுப்பு நிறத்தில் ஒரு பசை. பிவிபி தூளைக் கூட்டுங்கள், அந்த நாற்றப் புட்டியைக் கூட்டுங்கள், மறுபடி கழுவுங்கள். அப்போதும் பழுப்பாக இருந்தால், இளந்தளிர் என்று மூன்றாம் படியில் சொன்னதை மீண்டும் படியுங்கள்.

படி 5: வரிசைப்படுத்த அனுப்புங்கள்

முன்பெல்லாம் ஜொகூர் மாணவர்களிடம் ஒரு நல்ல சாக்கு இருந்தது. 2014 முதல் 2024 வரை மாநிலத்தில் வார விடுமுறை வெள்ளியும் சனியும். கோலாலம்பூரில் சனியும் ஞாயிறும். வாரத்தில் மூன்று நாள் இரு முனையில் ஏதாவதொன்று பூட்டிக் கிடக்கும். மாதிரி தாமதமானால் அதன்மேல் பழியைப் போடலாம். 2025 ஜனவரி 1 முதல் ஜொகூரும் சனி-ஞாயிறுக்குத் திரும்பிவிட்டது. இனி வேறு காரணம் தேட வேண்டும். பாலத்தைத் தாண்டினால் சிங்கப்பூர்தானே என்று மாதிரியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் கிளம்பாதீர்கள். நாட்டைவிட்டு வெளியே போகும் உயிரியல் பொருளுக்குத் தாள் வேண்டும். தாள் இருந்தாலும் நெரிசல் இருக்கும்.

குறுவாசிப்பா, நெடுவாசிப்பா என்று நிறுவனம் கேட்கும். குறுவாசிப்பு ஒரு தடவைக்கு 150 எழுத்துபோலத் தரும். பிழை குறைவு, விலை மலிவு. நெடுவாசிப்பு பல ஆயிரம் எழுத்தை ஒரே மூச்சில் வாசிக்கும். இரண்டும் வேண்டும் என்று சொல்லுங்கள். விலைப்பட்டியல் வந்ததும் ஒன்று போதும் என்று சொல்லுங்கள்.

படி 6: கோத்து வட்டமாக்குங்கள்

கையேட்டின் இதயம் இதுதான், கவனமாகப் படியுங்கள்.

கச்சாங் பூத்தேக்காரர் பழைய நாளிதழைக் கிழித்துக் கூம்பு சுற்றித் தருவார் இல்லையா? ஒரே நாள் இதழின் ஆயிரம் பிரதிகளை அவர் தாறுமாறாகக் கிழித்துச் சுற்றிவிட்டார் என்று வையுங்கள். ஊரிலுள்ள கூம்புகளையெல்லாம் பொறுக்கி விரித்து, ஓரத்து வரிகள் எங்கெங்கே பொருந்துகின்றன என்று பார்த்து, அந்த இதழைத் திரும்பச் சேர்ப்பதே கோக்கும் வேலை. ஒரே நகைக்கடை விளம்பரம் நான்கு பக்கங்களில் வந்திருந்தால் தொலைந்தோம்: விளம்பரத்துக்கு அடுத்தது விபத்துச் செய்தியா, திருமண வாழ்த்தா என்று சொல்ல முடியாது. மரபணுத்தொகுதியில் திரும்பத் திரும்ப வரும் துண்டுகள் இந்த வேலையைத்தான் செய்கின்றன. நெடுவாசிப்பு என்பது விளம்பரத்தைவிடப் பெரிய கூம்பு. இருபக்கச் செய்தியும் அதிலேயே இருக்கும்.

செடியில் இதற்குமேலும் ஒரு கூத்து உண்டு. இதழே பல பதிப்பாக அச்சாகியிருக்கும். திரும்ப வரும் துண்டுகள் ஒன்றோடொன்று மறுசேர்க்கை செய்துகொள்வதால், ஒரே இலைக்குள் ஒரே தொகுதி பல வரிசைகளில் உலவும். பாசிப்பயறில் பெரிய இரட்டைத் துண்டுகள் இல்லை. ஆனால் சின்னஞ்சிறு துண்டுகளுக்கிடையேகூட இந்தச் சேர்க்கை நடக்கிறது என்று 2011 குழு காட்டியது. முழு வட்டம் செடிக்குள் உண்மையிலேயே எவ்வளவு இருக்கிறது என்பதிலும் பல காலமாகச் சந்தேகம் உண்டு. லெட்டூஸ் கீரையில் இதைப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர்கள் 2019இல், நேர்க்கோடும் கிளைபிரிந்த வடிவமுமாகத்தான் டிஎன்ஏ பெரும்பாலும் கிடக்கிறது, ஒற்றை வட்டம் என்பது பொருந்தாது என்று எழுதினார்கள்.

இது உங்களைத் தடுக்க வேண்டியதில்லை. கணினியில் வரைபடம் சிலந்திவலை மாதிரி வந்தால், ஒரு கிளையை மட்டும் பிடித்துக்கொண்டு நடந்து, புறப்பட்ட இடத்துக்கு வந்துசேருங்கள். வட்டமாகிவிட்டது. மரபணுவுக்கு மரபணு வண்ணம் பூசுங்கள். மேற்பார்வையாளர் அறைக் கதவில் ஒட்டுங்கள்.

இரண்டு எச்சரிக்கைகள். முதலாவது, பசுங்கணிகத்தின் டிஎன்ஏ மைட்டோகாண்ட்ரியாவுக்குள் குடிபுகும். மக்காச்சோளத்தில் 12 ஆயிரம் எழுத்து நீளத்துக்கு ஒரு துண்டு இப்படிக் குடியேறியிருந்ததை 1982இலேயே கண்டுபிடித்தார்கள். அது உண்மையான குடியேற்றமா, உங்கள் கோப்பில் நேர்ந்த கலப்படமா என்று இருபக்க ஓரங்களையும் கடக்கும் வாசிப்புகளை வைத்துச் சோதியுங்கள். இரண்டாவது, மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ உட்கருவுக்குள்ளும் போய் உட்காரும். அரபிடாப்சிஸ் செடியின் இரண்டாம் குரோமோசோமில் ஏறத்தாழ 6 லட்சத்து 41 ஆயிரம் எழுத்துக்கு அப்படி ஒரு படிவம் கிடக்கிறது. அதன் மைட்டோகாண்ட்ரியா தொகுதியே சுமார் 3 லட்சத்து 67 ஆயிரம்தான். நகல் அசலைவிட நீளம். நம் அலுவலகங்களில் கோப்பு வளரும் விதம் தெரிந்தவர்களுக்கு இதில் வியப்பிராது.

படி 7: மரபணுக்களை அடையாளம் காணுங்கள்

மென்பொருளில் போட்டால் அதுவே குறித்துத் தந்துவிடும். அப்படியே ஒட்டிவிடலாம் என்று தோன்றும். ஒட்டினால் சில வேடிக்கைகள் நிகழும்.

நாட்1 மரபணுவுக்கு ஏடிஜி என்ற தொடக்கமே இல்லை என்று மென்பொருள் அலறும். அங்கே ஏசிஜி இருக்கும். டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ படியெடுத்தபின் செடி தானே சி-யை யு-வாகத் திருத்திக்கொள்ளும். அரபிடாப்சிஸில் புரதக் குறிப்புகளுக்குள் மட்டும் இப்படி 441 திருத்தங்களை எண்ணியிருக்கிறார்கள். அச்சேறிய பிறகு பிழை திருத்தும் வழக்கம் செடிகளுக்கும் உண்டு.

நாட்5 மரபணு ஒரே இடத்தில் இராது. துண்டுகளாகத் தொலைதூரத்தில் சிதறிக் கிடக்கும். தனித்தனியாகப் படியெடுத்துச் செடி ஒட்டிக்கொள்ளும். "நாட்5 முழுமையாக இல்லை" என்று அவசரப்பட்டு எழுதிவிடாதீர்கள்.

காக்ஸ்2 காணாமல் போயிருக்கலாம். அப்போதும் பதற வேண்டாம். இது அவரைக் குடும்பத்தின் புகழ்பெற்ற ஊர்மாறல். தட்டைப்பயறில் அந்த மரபணு மைட்டோகாண்ட்ரியாவை விட்டு உட்கருவுக்கே குடிபோய்விட்டது என்று நூஜெண்டும் பால்மரும் 1991இல் காட்டினார்கள். பாசிப்பயறிலும் அப்படியே. சோயாவில் இரண்டு இடத்திலும் படிவம் உண்டு. உட்கருவிலுள்ளது வேலை செய்கிறது, பழையது சும்மா இருக்கிறது. பட்டாணியில் இன்னமும் பழைய வீட்டிலேதான். ஒரே குடும்பத்தில், ஒரே மரபணு, பெட்டி கட்டுவதன் ஒவ்வொரு கட்டத்திலும் பிடிபட்டிருக்கிறது. உங்கள் கொடி இதில் எந்தக் கட்டம் என்று பாருங்கள். பத்துப் படிகளில் உங்களை அறியாமல் ஆர்வம் வந்துவிடக்கூடிய இடம் இது. எச்சரிக்கையாக இருங்கள்.

படி 8: ஒப்பிடுங்கள்

வழக்கமான முறை முதலில். தரவுத்தளத்திலிருந்து கிடைக்கிற பயறுகளையெல்லாம் இறக்குங்கள். மெடிக்காகோ 271,618, லோட்டஸ் ஜப்பானிக்கஸ் 380,861 (பெயரை நம்பித் தாமரை என்று மொழிபெயர்க்காதீர்கள், இதுவும் பயறுதான்), பாசிப்பயறு 401,262, சோயா 402,558, புங்கை 425,718, பாக்லா அவரை சுமார் 5 லட்சத்து 88 ஆயிரம். அட்டவணை போட்டு, "நீளம் செடிக்குச் செடி வேறுபடுகிறது" என்று எழுதுங்கள். வேறுபடும் என்று தெரிந்தேதான் அட்டவணை போட்டீர்கள். எனவே முடிவு எதிர்பார்ப்போடு பொருந்துகிறது.

இனி வழக்கமில்லாத முறை. ஐதராபாத் அருகே பட்டான்சேருவில் இக்ரிசாட் நிறுவனம் துவரையில் செய்தது. அவர்களிடம் தேவைப்பட்டியலின் கடைசி உருப்படி இருந்தது: கேள்வி. வீரிய ஒட்டுத் துவரை விதையை மலிவாக உண்டாக்க வேண்டும். 1991இல் அவர்கள் வெளியிட்ட ஐசிபிஎச் 8, கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் அந்தப் பத்தாண்டில் வெளியிட்ட கோபிஎச் ஒட்டுகள் ஆகியவை உட்கரு மரபணுவால் வரும் ஆண்மலட்டை நம்பியவை. தாய் வரிசையில் பாதிச் செடி மகரந்தம் தரும். பூக்கும் நேரத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்துப் பிடுங்க வேண்டும். கூலியிலேயே விதை விலை ஏறிவிடும். தாய்வழி இறங்கும் ஆண்மலடு கிடைத்தால் இந்தப் பிடுங்கல் இல்லை. கே. பி. சக்சேனாவின் குழு, கஜானஸ் கஜானிஃபோலியஸ் என்ற காட்டு உறவைத் தாயாக வைத்து அதை உண்டாக்கியது; ஐசிபிஎச் 2671 என்ற ஒட்டு 2010இல் மத்தியப் பிரதேசத்தில் வெளியாயிற்று.

மலடு மைட்டோகாண்ட்ரியாவில் எங்கே உட்கார்ந்திருக்கிறது? 2013இல் வெளிவந்த ஆய்வில் நான்கே தொகுதிகளை வாசித்தார்கள்: ஆண்மலட்டுத் தாய், அதைப் பேணும் வரிசை, ஓர் ஒட்டு, அந்தக் காட்டு உறவு. நான்கும் நெருங்கிய சொந்தம். ஆண்மலட்டுத் தாயின் தொகுதி மட்டும் 545.7 ஆயிரம் எழுத்து. சொந்தத்துக்குள் ஒப்பிட்டதால் வேறுபாடு பளிச்சென்று தெரிந்தது: வேறுவேறு துண்டுகள் ஒட்டிப் பிறந்த 13 கலப்புக் குறிப்புகள் சந்தேகப் பட்டியலில் வந்தன. அடுத்து 2015இல் நாட்7 மரபணுவின் ஒரு படிவத்தில் 10 எழுத்து விடுபட்டிருப்பது தெரிந்து, அதையே விதைத் தூய்மையைச் சோதிக்கும் அடையாளமாக்கினார்கள். முப்பது அந்நியர்களோடு ஒப்பிட்டிருந்தால் அந்த 10 எழுத்து கூட்டத்தில் காணாமல் போயிருக்கும்.

இப்போது மண்டோரின் நோட்டை எடுங்கள். ஜொகூர்த் தோட்டங்களில் படர்ந்திருக்கும் மூக்குனா எல்லாவற்றுக்கும் தாய் ஒன்றா, பலவா? இந்தியாவிலிருந்து வந்த வெவ்வேறு மூட்டைகள் வெவ்வேறு தாய்வழிகளா, அல்லது ஒரே காட்டுக் கொடியின் பேத்திகளா? இது வெட்டிக் கேள்வி இல்லை. அமெரிக்காவில் 1970இல் மக்காச்சோள வயல்களில் பெரும்பகுதி டெக்சஸ் வகை என்ற ஒரே தாய்வழியைச் சேர்ந்திருந்தது. அதன் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்த டி-அர்ஃப்13 என்ற கலப்பு மரபணு ஆண்மலட்டைத் தந்தது. கூடவே ஓர் இலைக்கருகல் பூஞ்சையின் நஞ்சுக்குக் கதவையும் திறந்துவைத்தது. அந்த ஆண்டு விளைச்சலில் ஏறத்தாழ 15 விழுக்காடு போயிற்று. ஒரே தாயை நம்பி ஒரு நாடே நடவு செய்தால் என்னாகும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் இல்லை.

குளுவாங்கில் ஒரு கொடி, சிகாமட்டில் ஒரு கொடி, கோத்தா திங்கியில் ஒரு கொடி, கேரளத்திலிருந்து ஒரு விதை. மெடிக்காகோவைக் கூப்பிடுவதற்கு முன் பக்கத்துத் தோட்டத்தைக் கூப்பிடுங்கள். இந்த முறையில் ஒரே குறை: பெட்ரோல் செலவாகும்.

படி 9: மரம் வரையுங்கள்

வட்டத்துக்குப் பிறகு மரம் கட்டாயம். எல்லாப் பயறுகளின் பொது மரபணுக்களையும் அடுக்கி, மென்பொருளை ஓட்டினால் பரிணாமக் கிளைமரம் வரும். மூக்குனா அவரைக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று நூறு விழுக்காடு ஆதரவோடு அது தெரிவிக்கும். கொடியைப் பிடுங்கி வேர் முடிச்சைக் காட்டி மண்டோர் இதை உங்களுக்கு முதல்நாளே சொல்லியிருப்பார். ஆனால் அவரிடம் ஆதரவு விழுக்காடு இல்லை.

ஒரு நுணுக்கம். செடி மைட்டோகாண்ட்ரியாவில் எழுத்துகள் மாறும் வேகம் மிகக் குறைவு. பசுங்கணிகத்தைவிடவும், உட்கருவைவிடவும் மந்தம் என்று 1987இலிருந்தே தெரியும். மாறுவது அடுக்குமுறை: துண்டுகள் இடம்பெயர்வதும் திரும்புவதும் ஒட்டுவதும். ஆகவே நெருங்கிய சொந்தங்களைப் பிரிக்க எழுத்தை மட்டும் எண்ணினால் ஒன்றும் கிடைக்காமல் போகலாம். எது எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இதற்கு மரம் உதவாது. மரம் இல்லாத கட்டுரையை நடுவர் ஏற்கவும் மாட்டார். எனவே மரத்தையும் வரையுங்கள்.

படி 10: எழுதுங்கள்

முன்னுரையில் மூக்குனாவின் பொருளாதார முக்கியத்துவம், முடிவுரையில் அதே முக்கியத்துவம். நடுவில் எண்கள். "இது எதிர்கால ஆய்வுகளுக்கு அடித்தளமாக அமையும்" என்ற வாக்கியம் இல்லாமல் அச்சுக்குப் போனால் வாசகர்கள் குழம்பிவிடுவார்கள். வாசித்த எல்லாவற்றையும் பொதுத் தரவுத்தளத்தில் போடுங்கள்: கோத்த வட்டத்தை மட்டுமல்ல, கோக்காத கூம்புகளையும். உங்கள் வட்டத்தை நம்பாத ஒருவர் பின்னால் வந்து மறுபடி கோத்துப் பார்ப்பார். அவர்தான் உங்கள் கட்டுரையை முழுக்கப் படிக்கப்போகும் ஒரே ஆள்.

கேள்வியும் பதிலும்

கேள்வி: மானியத்தில் ஒரு செடிக்குத்தான் காசு இருக்கிறது. பல தோட்டத்தை எப்படி ஒப்பிடுவது?

பதில்: ஒன்றை முழுதாக வாசியுங்கள். அதில் அடுக்கு மாறக்கூடிய இடங்களைக் கண்டுபிடித்து, அந்த ஓரங்களுக்கு மட்டும் பிசிஆர் சோதனை வடிவமையுங்கள். மற்றத் தோட்டங்களின் கொடிகளை அதில் சோதியுங்கள். ஜெல்லில் கோடு வருகிறதா, எங்கே வருகிறது என்று பார்த்தால் போதும். துவரையின் 10 எழுத்தையும் அப்படித்தான் வயலுக்குக் கொண்டுவந்தார்கள்.

கேள்வி: பதியம் போட்ட கொடிகளில் வேறுபாடே வராதே?

பதில்: வராது. பதியம் என்பது தாய் மட்டுமல்ல, உட்கருவும் சேர்ந்து அப்படியே நகல். எந்த பிளாக் விதை, எந்த பிளாக் பதியம் என்று நோட்டில் இருக்கும்.

கேள்வி: எல்லாத் தோட்டத்திலும் ஒரே தாய்வழி என்று முடிவு வந்தால் கட்டுரையை ஏற்பார்களா?

பதில்: இதழ்கள் தயங்கலாம்; "வேறுபாடு இல்லை" என்பதற்கு வண்ணப் படம் வரைவது கடினம். தோட்டத்தில் விதை வாங்கும் பொறுப்பிலிருக்கும் கிராணிக்கு ஒரு பிரதி அனுப்புங்கள். அடுத்த மூட்டையை வேறு இடத்திலிருந்து வரவழைக்க அவருக்கு ஒரு காரணம் கிடைக்கும்.

கேள்வி: வேறுவேறு தாய்வழிகள் என்று வந்து, அவை மூட்டைப் பெயர்களோடும் பொருந்தினால்?

பதில்: மண்டோரை இணை ஆசிரியராகச் சேர்த்துவிடுங்கள். நிறுவன முகவரி கேட்பார்கள். தோட்டத்தின் பெயரும் டிவிஷன் எண்ணும் போட்டால் போதும்.